ஒரே பார்க்ல ரெண்டு மூணு டிஸ்க் கோல்ஃப் கோர்ஸ் இருந்தா ட்ரிப் எப்படி ப்ளான் பண்றது: முழுமையான வழிகாட்டி

ஒரு பார்க்ல மூணு கோர்ஸ் இருக்குன்னு கேள்விப்பட்டா உடனே எல்லாருக்கும் வர்ற ஆசை, மூணையும் ஆடி முடிச்சிட்டுத்தான் திரும்பணும்ங்கிறது. இந்த ஆசையை கொஞ்சம் தள்ளி வச்சிட்டு மேல படிங்க. புது கோர்ஸ்ல முதல் ரவுண்டு பாதி நேரம் டீ (எறிய ஆரம்பிக்கிற இடம்) எங்க இருக்கு, பாஸ்கெட் எந்தப் பக்கம், அடுத்த ஹோலுக்கு எந்த வழின்னு தேடுறதுலயே போயிடும். ரெண்டாவது தடவை ஆடும்போதுதான் அந்தக் கோர்ஸ் உங்ககிட்ட எந்த ஷாட் கேக்குதுன்னே புரியும். அதனால நான் யார் கேட்டாலும் சொல்றது ஒண்ணுதான், ஒரு கோர்ஸை விட்டாலும் பரவாயில்ல, பிடிச்ச கோர்ஸை ரெண்டு தடவை ஆடுற மாதிரி ப்ளான் போடுங்க. கீழ வர்ற எல்லா ஸ்டெப்பும் இதை வச்சுத்தான்.

டிஸ்க் கோல்ஃப் புதுசா கேள்விப்படுறவங்களுக்கு மட்டும் சுருக்கமா: கோல்ஃப் மாதிரியேதான், ஆனா பந்துக்கும் மட்டைக்கும் பதிலா கையால டிஸ்க் எறியணும், குழிக்கு பதிலா செயின் தொங்குற இரும்பு பாஸ்கெட். ஒரு டீயில இருந்து அதோட பாஸ்கெட் வரைக்கும் ஒரு ஹோல், எத்தனை எறில டிஸ்க் பாஸ்கெட்ல விழுதோ அதுதான் அந்த ஹோல் ஸ்கோர். இதுக்குன்னே நிரந்தரமா போட்ட முதல் கோர்ஸ் 1975ல கலிஃபோர்னியால ஓக் க்ரோவ் பார்க்ல எட் ஹெட்ரிக் போட்டது, செயின் பாஸ்கெட்டும் அவரோட கண்டுபிடிப்புதான், 1976ல பிடிஜிஏன்னு சொல்ற தொழில்முறை சங்கத்தையும் அவரே ஆரம்பிச்சார். இன்னிக்கு அந்த சங்கத்தோட தலைமையகமே ஒரு மல்டி கோர்ஸ் பார்க்லதான் இருக்கு. ஜார்ஜியா மாநிலம் ஆப்லிங்ல, வைல்ட்வுட் பார்க்குள்ள, ஏரிக்கரையில. ஸ்டெடி எட், ஜிம் வார்னர், டபிள்யூ ஆர் ஜாக்சன்னு மூணு 18 ஹோல் கோர்ஸ், கூடவே ஒரு மியூசியமும் உண்டு. இந்த மாதிரி இடத்துக்குப் போறதைப் பத்தித்தான் பேசப் போறோம்.

ஸ்டெப் 1: எந்த கோர்ஸ் எப்போ திறந்திருக்கும்னு பாருங்க

டிக்கெட், ரூம், லீவு எல்லாம் போடுறதுக்கு முன்னாடி இதைப் பாத்திடணும். பார்க் திறந்திருக்குன்னா உள்ள இருக்கிற எல்லா கோர்ஸும் திறந்திருக்கும்னு அர்த்தம் இல்ல. மிச்சிகன்ல கென்சிங்டன் மெட்ரோபார்க்ல டொபாகன்னு ஒரு பேர் பெற்ற கோர்ஸ் இருக்கு, அது பனிக்காலத்துல ஜனங்க சறுக்கி விளையாடுற மலைமேல போடுறது, அதனால வருஷம் முழுக்க இருக்காது. அதே பார்க்ல இருக்கிற இன்னொரு கோர்ஸ் வேற கதை. இப்படி சீசன் கோர்ஸ், மழை பெய்ஞ்சா ஆத்துத் தண்ணி ஏறி மூழ்குற கோர்ஸ், பாஸ்கெட் மாத்துறதுக்காக ரெண்டு வாரம் மூடி வைக்கிற கோர்ஸ்னு எல்லாம் உண்டு.

அடுத்து டோர்னமென்ட். பிடிஜிஏ சைட்ல ஈவென்ட் காலண்டர் இருக்கு, நீங்க போற வாரக்கடைசில அந்தப் பார்க் பேர் அதுல வந்தா தேதியை மாத்திடுங்க, ஏன்னா நல்ல கோர்ஸைத்தான் டோர்னமென்ட்டுக்கு எடுப்பாங்க, நீங்க எதுக்காகப் போறீங்களோ அந்தக் கோர்ஸ்தான் ரெண்டு நாளும் மூடியிருக்கும். முந்தின நாளே ஆட்டக்காரங்க ப்ராக்டிஸ்க்கு வந்து குவிஞ்சிடுவாங்க, அதனால வெள்ளிக்கிழமையையும் சேத்து கணக்குப் பண்ணுங்க. வார நாள் சாயங்காலத்துல லீக் ஆட்டம் நடக்கிற இடங்களும் நிறைய, அந்த மூணு மணி நேரம் அந்தக் கோர்ஸ் பக்கம் போகாம இன்னொண்ணு ஆடிக்கலாம், அதுதான் மல்டி கோர்ஸ் பார்க்கோட பெரிய வசதியே.

பார்க் கேட் எத்தனை மணிக்குத் திறக்கும் எத்தனை மணிக்கு மூடும்னு பார்க் ஆஃபீஸ்க்கு ஒரு ஃபோன் போட்டே கேட்டுக்கோங்க. சில பார்க்ல இருட்டினதும் கேட்டைப் பூட்டிடுவாங்க, கார் உள்ள மாட்டிக்கும். பார்க்கிங்க்கு காசு, கோர்ஸ்க்கு காசு, ரெண்டுக்கும் தனித்தனியா காசு, ஒண்ணுக்குமே காசு இல்லன்னு நாலு விதமும் உண்டு, நாள் பாஸ் இருந்தா எல்லா கோர்ஸுக்கும் அதுவே செல்லுமான்னும் அதே ஃபோன்ல கேட்டிடுங்க. காட்டுப்பகுதி பார்க்னா இன்னொரு கேள்வியும் கட்டாயம் கேக்கணும்: இது வேட்டை சீசனா? அனுமதி உள்ள நிலத்துக்குப் பக்கத்துல கோர்ஸ் இருந்தா பளிச்னு ஆரஞ்சு கலர்ல ஒரு மேல்சட்டை போட்டுட்டு ஆடுறது ரொம்ப முக்கியம், இதுல விளையாட்டுத்தனம் வேண்டாம்.

ஸ்டெப் 2: ஒவ்வொரு கோர்ஸையும் தனியா படிங்க

யூடிஸ்க் ஆப்ல கோர்ஸ் பேரைப் போட்டா ஹோல் ஹோலா தூரம், பார் (அந்த ஹோலை எத்தனை எறில முடிக்கணும்ங்கிற கணக்கு), மேப், ஆடினவங்க எழுதின ரிவ்யூ எல்லாம் வரும். நிறைய பேர் ஸ்டார் ரேட்டிங்கை மட்டும் பாத்துட்டு முடிவு பண்ணிடுவாங்க, அது போதாது. ரேட்டிங் அதிகமா இருக்கிற கோர்ஸ் உங்க கைக்கு ஒத்து வரும்னு ஒண்ணும் இல்ல. நான் முதல்ல பாக்குறது நாலு விஷயம்.

மொத்த நீளமும் ஹோல் சராசரியும் முதல் விஷயம். ஒரு ஹோல் சராசரியா 75, 80 மீட்டர்னா புதுசா ஆடுறவங்களும் சந்தோஷமா ஆடலாம், 120 மீட்டர் தாண்டினா கைல வேகம் இருக்கிறவங்களுக்கான கோர்ஸ். ஆனா நீளம் மட்டும் பாத்தா ஏமாந்துடுவீங்க, ஏன்னா அடுத்தது மரம். திறந்தவெளியில 100 மீட்டர் ஹோலும், நாலு மீட்டர் அகலத்துக்கு மட்டும் இடைவெளி விட்டு ரெண்டு பக்கமும் மரம் அடர்ந்த 70 மீட்டர் ஹோலும் இருந்தா ரெண்டாவதுதான் ஸ்கோரை ஏத்தும், நேரத்தையும் தின்னும். மூணாவது ஏத்த இறக்கம். மேப்ல தெரியாது, ரிவ்யூல "கால் போயிடுச்சு"ன்னு நாலு பேர் எழுதியிருந்தா நம்புங்க. நாலாவது தண்ணி. எத்தனை ஹோல்ல தண்ணியைத் தாண்டி எறியணும்னு எண்ணி வச்சுக்கோங்க, பையில என்ன எடுத்துட்டுப் போறதுன்னு அதுதான் முடிவு பண்ணும்.

இதோட டீ கலரும் பாருங்க. பெரிய பார்க்ல ஒரே ஹோலுக்கு ரெண்டு மூணு டீ போட்டிருப்பாங்க, பொதுவா சிவப்பு கிட்ட, வெள்ளை நடுவுல, நீலம் தள்ளி, தங்கக் கலர் இன்னும் தள்ளி. எல்லா இடத்துலயும் இதே கலர் வரிசைதான்னு நம்பிடாதீங்க, முதல் டீல இருக்கிற போர்டை படிச்சுக்கோங்க. பாஸ்கெட்டும் ஒரே இடத்துல இருக்காது, ஏ, பி, சின்னு இடம் மாத்தி மாத்தி வைப்பாங்க. ஆப்ல நீங்க பாக்குற தூரம் எந்த டீ, எந்த பாஸ்கெட் இடத்துக்குன்னு லேஅவுட் பேர் வச்சு சரி பாத்துக்கணும், இல்லன்னா நீளமும் பாரும் ரெண்டும் தப்பா வரும்.

டபிள்யூ ஆர் ஜாக்சன் கோர்ஸையே எடுத்துக்கோங்களேன், 2022ல பிடிஜிஏ சாம்பியன்ஸ் கப் அங்கதான் நடந்துச்சு, டிவில ப்ரோ ஆளுங்க மரங்களுக்கு நடுவுல சொருகி விடுறதைப் பாத்துட்டு அதே டீல போய் நிக்கணும்னு ஆசை வரும். நில்லுங்க, தப்பே இல்ல. ஆனா அதை ட்ரிப்போட முதல் ரவுண்டா வைக்காதீங்க.

ஸ்டெப் 3: வெளிச்சத்தையும் காலையும் வச்சு நாள் கணக்கு போடுங்க

பழக்கமான 18 ஹோல் கோர்ஸை ரெண்டு பேர் ஒண்ணரை மணி நேரத்துல முடிச்சிடலாம். நாலு பேர்னா ரெண்டரை மணி நேரம். புது கோர்ஸ்னா அதுக்கு மேல ஒரு அரை மணியோ முக்கா மணியோ சேத்துக்கோங்க, காட்டுக் கோர்ஸ்னா டிஸ்க் தேடுறதுக்கு இன்னும் கொஞ்சம். ஆக நாலு பேர் கூட்டத்துக்கு புது காட்டுக் கோர்ஸ் ஒரு ரவுண்டுன்னா மூணரை மணி நேரம் ஒதுக்குங்க. பகல் வெளிச்சம் பதினொரு மணி நேரம் இருக்கிற சீசன்ல மூணு ரவுண்டு ஆடலாம்னு பேப்பர்ல கணக்கு வரும், ஆனா மூணாவது ரவுண்டோட கடைசி ஆறு ஹோல் மரத்தடி இருட்டுல ஆட வேண்டியிருக்கும். திறந்தவெளியை விட காட்டுக்குள்ள ரொம்ப முன்னாடியே இருட்டிடும்.

கால் கணக்கு தனி. ஒரு 18 ஹோலுக்கு நடை நாலஞ்சு கிலோமீட்டர் வரும், மலைப்பாங்கான நீளமான கோர்ஸ்னா அதுக்கும் மேல, தோள்ல பை வேற. ஒரு நாளைக்கு ரெண்டு ரவுண்டு, அதுல ஒண்ணுதான் கஷ்டமான கோர்ஸ், இதுதான் நான் சொல்ற அளவு. சின்ன வயசு, நல்லா ஓடியாடுற உடம்பு, அப்படீன்னா மூணு ரவுண்டு ஒரு நாள் ஆடலாம், மறுநாள் ஒரு ரவுண்டோட நிறுத்திக்கோங்க. தோளும் முழங்கையும் அன்னிக்கு ஒண்ணும் சொல்லாது, மறுநாள் காலைலதான் சொல்லும்.

மூணு கோர்ஸ் உள்ள பார்க்குக்கு ரெண்டரை நாள் இருக்குன்னு வச்சுக்கோங்க. முதல் நாள் மதியத்துக்கு மேல போய்ச் சேர்றீங்க, பயணக் களைப்பு இருக்கும், அப்போ இருக்கிறதுலயே லேசான கோர்ஸ். ஸ்கோர் கூட எழுத வேண்டாம், அந்த மண்ணு எப்படி, புல்லு எவ்வளவு உயரம், டிஸ்க் தரைல பட்டா சறுக்குதா நின்னுடுதா, காத்து எந்தப் பக்கம், இதெல்லாம் கைக்குப் புரியட்டும். ரெண்டாம் நாள் காலைல, தூங்கி எழுந்த தெம்புல, கேட் திறந்த உடனே பெரிய கோர்ஸ். காத்தும் காலைலதான் கம்மியா இருக்கும், கூட்டமும் இருக்காது. மதியம் நல்லா ரெஸ்ட், அதுக்கப்புறம் நடுத்தர கோர்ஸ், முடியலன்னா முதல் ஒம்பது ஹோல் மட்டும். இங்க ஒரு விஷயம் மேப்ல பாத்துக்கோங்க, ஒம்பதாவது ஹோல் பார்க்கிங் பக்கத்துல முடியுதா இல்லையான்னு. முடிஞ்சா பாதில விட்டுட்டு வரலாம், தண்ணி நிரப்பிக்கலாம். முடியலன்னா உள்ள போனா முழுசா ஆடிட்டுத்தான் வரணும், அந்தக் கோர்ஸை சாயங்காலத்துல ஆரம்பிக்காதீங்க. மூணாம் நாள் காலை அதே பெரிய கோர்ஸ் மறுபடியும். இல்ல, மூணுல எது பிடிச்சதோ அது. இதுக்கு முன்கூட்டியே முடிவு எதுவும் வேண்டாம், அந்தக் காலை நேரத்தை மட்டும் காலியா வச்சுக்கோங்க.

அஞ்சாறு கோர்ஸ் இருக்கிற இடம்னா? நாலு நாளுக்குக் கம்மியா போனா ரெண்டு கோர்ஸை தைரியமா விட்டுடுங்க. மழை வந்து ஒரு ரவுண்டு போச்சுன்னாலும் ப்ளான் உடையாம இருக்கணும்னா ஒரு அரை நாள் எப்பவும் கைல இருக்கணும்.

ஸ்டெப் 4: யார் யார் வர்றாங்க

இதைப் பத்தி யாரும் யோசிக்கிறதே இல்ல, ஆனா ட்ரிப் நல்லா இருந்துச்சா இல்லையாங்கிறது இதுலதான் இருக்கு. நாலு பேருக்கு மேல ஒரே குரூப்பா ஆடாதீங்க. பின்னாடி வர்றவங்க காத்துக்கிட்டே இருப்பாங்க, நீங்களும் ஒவ்வொரு ஹோல்லயும் அஞ்சு டிஸ்க் தேடிக்கிட்டு இருப்பீங்க. ஆறு பேர்னா மூணு மூணா பிரிஞ்சு ரெண்டு கோர்ஸ்ல ஆரம்பிங்க, மதியம் ஒண்ணா உக்காந்து பேசிட்டு சாயங்காலம் கோர்ஸை மாத்திக்கோங்க. ஒரு கோர்ஸ் மட்டும் இருக்கிற இடத்துல இது நடக்காது.

புதுசா ஆடுறவங்களும் ரொம்ப நாளா ஆடுறவங்களும் கலந்திருந்தா ஒரே ஹோலை வேற வேற டீல இருந்து ஆடுங்க. புதுசா வந்தவர் சிவப்பு டீ, பழையவர் நீலம். ரெண்டு பேருக்கும் பாஸ்கெட் ஒண்ணுதான், கிட்டத்தட்ட ஒரே நேரத்துல அங்க சேருவாங்க, யாருக்கும் சலிப்பு வராது. கை சோர்ந்து போன சாயங்கால ரவுண்டுக்கு டபுள்ஸ் ரொம்ப நல்லா வேலை செய்யும்: ரெண்டு பேரும் எறிவாங்க, எது நல்ல இடத்துல விழுந்துச்சோ அங்க இருந்து ரெண்டு பேரும் அடுத்தது. நல்லா எறிய வராதவர் ஒரே ஒரு புட் (பாஸ்கெட் கிட்ட இருந்து எறியிற எறி) உள்ள போட்டாலும் டீமைக் காப்பாத்தினவர் ஆயிடுவார்.

ஆடாம கூட வர்றவங்க இருந்தா பார்க்ல நடைபாதை, ஏரி, குழந்தைங்க விளையாடுற இடம் எந்தக் கோர்ஸ் பக்கத்துல இருக்குன்னு பாத்து அந்தக் கோர்ஸை அவங்க வர்ற நாளுக்கு வைங்க. சின்னக் குழந்தையை ஃபேர்வேல (டீக்கும் பாஸ்கெட்டுக்கும் நடுவுல இருக்கிற பாதைல) கூட்டிட்டு நடக்குறதா இருந்தா எறியிறவருக்குப் பின்னாடியேதான் நிக்கணும், இது கண்டிப்பு. வேகமா வர்ற டிரைவர் (ரொம்ப தூரம் எறியிறதுக்கான டிஸ்க்) தலைல பட்டா பெரிய காயம் ஆகும்.

ஸ்டெப் 5: பையில என்னென்ன

டிஸ்க்ல நாலு நம்பர் எழுதியிருக்கும் இல்லையா, ஸ்பீடு, க்ளைடு, டர்ன், ஃபேடு. முதலாவது எவ்வளவு வேகமா எறிஞ்சா அது சரியா பறக்கும்னு, ரெண்டாவது எவ்வளவு நேரம் மிதக்கும்னு, மூணாவது வேகமா போறப்போ எவ்வளவு திரும்பும்னு, நாலாவது வேகம் குறைஞ்சதும் எவ்வளவு வளையும்னு. வலது கையால பேக்ஹேண்ட் (கையை உடம்புக்குக் குறுக்கால இழுத்து) எறிஞ்சா டர்ன் வலது பக்கம், ஃபேடு இடது பக்கம். ட்ரிப்புக்கு டிஸ்க் பொறுக்கும்போது பாக்க வேண்டியது கடைசி ரெண்டு நம்பர்தான், எல்லாரும் முதல் நம்பரைப் பாத்து மயங்கிடுறாங்க.

காட்டுக் கோர்ஸ்க்கு வேகம் வேண்டாம், நேரா போற மிட்ரேஞ்ச் (நடுத்தர தூரத்துக்கான டிஸ்க்) ரெண்டு, எறியிறதுக்குன்னு ஒரு புட்டர் (பாஸ்கெட்ல போடுறதுக்கான மெதுவான டிஸ்க்), ஒரு ஃபேர்வே டிரைவர் (டிரைவர்லயே வேகம் கம்மியானது), அவ்வளவுதான் முக்காவாசி ஹோலுக்கு வேணும். மரத்துல அடிச்சாலும் மெதுவா போற டிஸ்க் கிட்டயே விழும், வேகமா போனது எங்கயோ தெறிச்சு புதருக்குள்ள போயிடும். திறந்தவெளி கோர்ஸ்ல கணக்கே வேற, அங்க காத்து இருக்கும். எதிர்காத்துல எந்த டிஸ்க்குமே வழக்கத்தை விட அதிகமா டர்ன் ஆகும், அதனால ஃபேடு நம்பர் அதிகமா இருக்கிற ஓவர்ஸ்டேபிள் டிஸ்க் எடுங்க. பின்காத்துல சீக்கிரம் வளைஞ்சு கீழ விழப் பாக்கும், அப்போ க்ளைடு அதிகமா இருக்கிறது கை கொடுக்கும். மலைமேல உயரமான இடத்துல இருக்கிற பார்க்னா காத்து அடர்த்தி கம்மி, அதே டிஸ்க் இங்க ஆடுறதை விட அங்க கூடுதல் ஓவர்ஸ்டேபிளா நடந்துக்கும், அதுக்காகவே கொஞ்சம் அண்டர்ஸ்டேபிள் (டர்ன் அதிகமா ஆகுற) டிஸ்க் ஒண்ணு சேத்துக்கோங்க.

தண்ணி ஹோலுக்கு தேய்ஞ்ச டிஸ்க்தான். பெரும்பாலான டிஸ்க் மூழ்கிடும், மிதக்குற மாதிரி செய்றது கொஞ்சம்தான். உயிரா நினைக்கிற டிஸ்க்கை குளத்துக்கு மேல எறியாதீங்க, போனா அதே மாதிரி இன்னொண்ணு கைக்குப் பழகவே மாசக்கணக்கு ஆகும். இலை உதிர்ற காலத்துல மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சு டிஸ்க் எல்லாம் தரைல கரைஞ்சு போயிடும், அப்போ நீலம், பிங்க் எடுத்துட்டுப் போங்க. பச்சைக் கலர் எந்த சீசனுக்குமே வேண்டாம்ங்கிறது என் அபிப்ராயம். குளிர்ல ப்ளாஸ்டிக் விறைச்சுப் போய் பிடி நழுவும், மழைல வழுக்கும், அதனால கைத்துண்டு ரெண்டு, அதுல ஒண்ணு பைக்குள்ள காஞ்சே இருக்கணும்.

எல்லா டிஸ்க் பின்னாடியும் உங்க பேரும் ஃபோன் நம்பரும் அழியாத மார்க்கர்ல எழுதுங்க. வெளியூர் பார்க்ல தொலைஞ்ச டிஸ்க்கைக் கண்டெடுத்தவங்க மெசேஜ் போட்டுத் திருப்பித் தர்றது இந்த விளையாட்டுல இருக்கிற ரொம்ப அருமையான பழக்கம், நம்பர் இருந்தாத்தானே அவங்களும் கூப்பிட முடியும். புட்டர் மட்டும் ஒரே மாதிரி ரெண்டு எடுத்துட்டுப் போங்க, முதல் நாளே ஒண்ணு தொலைஞ்சா மீதி ரெண்டு நாளும் கை நடுங்கும்.

மத்தபடி தண்ணி ஆளுக்கு ரெண்டு லிட்டராவது ஒரு ரவுண்டுக்கு, வெயில்னா அதுக்கு மேல. பெரிய பார்க்ல குடிதண்ணி கேட் பக்கத்துல மட்டும்தான் இருக்கும். கொறிக்க ஏதாவது, தொப்பி, பிடிமானம் உள்ள ஷூ, மாத்து சாக்ஸ், பேண்ட் எய்ட், பவர் பேங்க். ஆப்ல ஜிபிஎஸ் ஓடிக்கிட்டே இருந்தா பேட்டரி ரெண்டாவது ரவுண்டுல செத்துடும். காட்டுக்குள்ள சிக்னல் இருக்காது, கோர்ஸ் மேப்பை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க.

உண்ணி இருக்கிற பகுதின்னா முழுக்கால் பேண்ட் போட்டு அதை சாக்ஸுக்குள்ள சொருகிக்கோங்க. பெர்மெத்ரின் ஸ்ப்ரே துணிக்கு மட்டும்தான், தோல்ல அடிக்கக் கூடாது, தோலுக்கு டீட் உள்ளது. ரூமுக்கு வந்ததும் முழங்கால் பின்பக்கம், இடுப்பு, அக்குள், தலைமுடி ஓரம் எல்லாம் தடவிப் பாத்துடணும். விஷச் செடி இருக்கிற இடத்துல டிஸ்க் புதருக்குள்ள போனா கையை விட்டுத் துழாவாம குச்சியால விலக்கிப் பாருங்க.

ஸ்டெப் 6: பார்க்குக்குள்ள போனதும்

ப்ராக்டிஸ் பாஸ்கெட் இருந்தா முதல் கால் மணி நேரம் அங்கதான். தோள், இடுப்பு ரெண்டையும் நல்லா சுத்தி சூடாக்கிட்டு, பாதி வேகத்துல பத்து எறி எறிஞ்சிட்டு அப்புறம் முதல் டீக்கு போங்க. உடம்பு ஆறிப்போய் இருக்கிறப்போ ஃபோர்ஹேண்ட்ல (எறியிற கைப்பக்கத்துல இருந்தே வீசுறதுல) முழு வேகம் கொடுத்தா முழங்கை மாட்டும், மூணு நாள் ட்ரிப் முதல் ஹோல்லயே முடிஞ்சிடும்.

மல்டி கோர்ஸ் பார்க்ல தனியா ஒரு சிக்கல் இருக்கு, கோர்ஸ்கள் ஒண்ணை ஒண்ணு குறுக்கால வெட்டிக்கும். நீங்க மூணாவது ஹோல் ஆடிக்கிட்டு இருப்பீங்க, பக்கத்துல இன்னொரு கோர்ஸோட பன்னெண்டாவது பாஸ்கெட் நிக்கும், தப்பா அதுல போய் போட்டுட்டு வர்றவங்க ஏராளம். பாஸ்கெட் மேல இருக்கிற பட்டை கலர், நம்பர் பலகை ரெண்டையும் பாருங்க, பொதுவா ஒவ்வொரு கோர்ஸுக்கும் ஒரு கலர் இருக்கும். பாஸ்கெட்டோட அடியில அடுத்த டீ எந்தப் பக்கம்னு அம்புக்குறியோ போல்ட்டோ வச்சிருப்பாங்க, அதைப் பாக்காம கால் போன போக்குல நடந்தா வேற கோர்ஸுக்குள்ள புகுந்துடுவீங்க. இன்னொரு கோர்ஸோட ஃபேர்வேயை குறுக்கால கடக்கிறப்போ நின்னு, அந்த ஹோலோட டீ இருக்கிற திசையைப் பாத்துட்டு நடங்க. உங்க டிஸ்க் ஆள் இருக்கிற பக்கம் திரும்பினா வெக்கப்படாம "ஃபோர்"னு சத்தமா கத்துங்க. அந்தச் சத்தம் உங்க காதுல விழுந்தா மேல நிமிந்து பாக்காதீங்க, தலையைக் கையால மூடிக்கிட்டு குனிஞ்சிடுங்க.

ஹோல் திரும்பி வளைஞ்சு பாஸ்கெட் டீல இருந்து தெரியலன்னா ஒருத்தர் முன்னாடி போய்ப் பாத்துட்டு வரட்டும். ரெண்டு நிமிஷம் ஆகும், ஆனா பத்து நிமிஷம் டிஸ்க் தேடுறது மிச்சம். முடிஞ்சா அவர் பக்கவாட்டுல மரத்துக்குப் பின்னாடி பத்திரமா நின்னுக்கிட்டு டிஸ்க் எங்க விழுதுன்னு பாக்கட்டும். அதிகாரப்பூர்வ ரூல்ல டிஸ்க் தேட மூணு நிமிஷம்தான் நேரம், நட்பு ஆட்டத்துலயும் கிட்டத்தட்ட அதையே வச்சுக்கோங்க, பின்னாடி ஆள் வந்துட்டா அவங்களை முன்னாடி போகச் சொல்லிட்டு தேடுங்க. மத்த ரூல்ல இதுங்க தெரிஞ்சா போதும்: தூரத்துல இருக்கிறவர் முதல்ல எறியணும், எல்லை தாண்டினா ஒரு எறி கூடுதல், பாஸ்கெட்டுக்கு 10 மீட்டருக்குள்ள எறிஞ்சா பேலன்ஸ் காட்டி நின்ன அப்புறம்தான் முன்னாடி அடி எடுத்து வைக்கணும்.

இடி சத்தம் கேட்டா அந்த நிமிஷமே ஆட்டம் நிறுத்தணும். ஒத்தை மரத்தடி, பாஸ்கெட் பக்கம், மேட்டு நிலம் எதுவும் வேண்டாம், கார் அல்லது கட்டடத்துக்குள்ள போயிடுங்க. கடைசி இடி கேட்டு முப்பது நிமிஷம் கழிச்சுத்தான் திரும்ப டீக்கு வரணும். ஒரு ஹோல்தானே பாக்கின்னு நிக்காதீங்க.

ஸ்டெப் 7: ரெண்டாவது ரவுண்டை எப்படி ஆடுறது

முதல் ரவுண்டு முடிஞ்ச அன்னிக்கு ராத்திரியே, ஞாபகம் ஈரமா இருக்கும்போதே, அந்தக் கோர்ஸோட ஒவ்வொரு ஹோலுக்கும் ஒரு வரி எழுதி வைங்க. ஸ்கோர் வேண்டாம், அது ஆப்லயே இருக்கு. "ஏழு: டிரைவர் அதிகம், மிட்ரேஞ்ச் போதும், இடது பக்கம் சரிவு", "பதினொண்ணு: மரத்துக்கு வலது பக்கம் பெரிய இடைவெளி இருக்கு, டீல நிக்கிறப்போ தெரியாது", இப்படி. பாஸ்கெட் பக்கத்துல போய் நின்னு டீயைத் திரும்பிப் பாத்தா எந்த வழி திறந்திருக்குன்னு பளிச்னு தெரியும், முதல் ரவுண்டுலயே ஒவ்வொரு ஹோல்லயும் ஒரு தடவை திரும்பிப் பாத்துட்டு வாங்க.

ரெண்டாவது ரவுண்டுல டீயை மாத்தலாமான்னு கேப்பாங்க. மாத்த வேண்டாம், அதே டீ, அதே லேஅவுட். அப்போதான் நேத்து எழுதின வரி வேலைக்கு ஆகும். நேத்து மரத்துல அடிச்ச ஹோல்ல இன்னிக்கு டிஸ்க் இடைவெளிக்குள்ள நுழைஞ்சு போய் பாஸ்கெட் கிட்ட உக்காரும் பாருங்க, அதுக்காகத்தான் மூணாம் நாள் காலையை காலியா வைக்கச் சொன்னேன்.

கடைசி ரவுண்டு முடிஞ்சதும் காருக்குப் பக்கத்துல டிஸ்க்கை எல்லாம் எண்ணிடுங்க. குறைஞ்சா கடைசியா எந்த ஹோல்ல அதை எறிஞ்சீங்கன்னு அப்பவே ஞாபகம் வரும், ஊருக்கு வந்த அப்புறம் வராது. யாரோ தொலைச்ச டிஸ்க் உங்க கைல இருந்தா அதுல இருக்கிற நம்பருக்கு அங்கயே மெசேஜ் போட்டிருங்க, நம்பர் இல்லன்னா பார்க் ஆஃபீஸ்ல இல்ல தொலைஞ்ச டிஸ்க் பெட்டில போட்டுடுங்க. அப்புறம் ஆப்ல ஒரு ரிவ்யூ: எந்த டீ போர்டு இல்ல, எந்த ஹோல்ல சேறு, அம்புக்குறி எங்க தப்பா காட்டுது, எத்தனை பேர் எவ்வளவு நேரத்துல ஆடினீங்கன்னு. அடுத்த வாரம் அங்க போறவங்க ஸ்டெப் 2ல உக்காந்து படிக்கப் போறது அதைத்தான்.